எதிரியின் முறையில் நமக்கு என்ன வேலை?

"நான் அடிச்சா அவன் வாங்கிக்கிட்டு நிக்கிறான். அப்புறம் அவன் அடிக்க வருவானாம், நான் நிக்கணுமாம். இதெல்லாம் ஒரு சண்டையா மாமா?"

கோரிப்பாளையம் டீக்கடையில் வைத்து அக்கா மகன் கேட்டான். பிஜிஎம்ஐ ஆடி வளர்ந்த பையன். கேமிங் கஃபேயில் பிஎஸ்5 இருக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து 'காட் ஆஃப் வார்', 'செகிரோ' எல்லாம் முடித்தவன். கைவேகம் உண்டு. அவனிடம் போய் டர்ன்-பேஸ்டு ஆர்பிஜி ஒன்றை, அதாவது ஆளுக்கொரு முறை என்று மாற்றி மாற்றி அடிக்கிற கேம் ஒன்றை ஆடிப் பார் என்றால் வேறு எப்படிக் கேட்பான்? ஆக்‌ஷன் கேம் ஆடுகிற பலருக்கும் இதே சந்தேகம்தான். என்ன, அவர்கள் வாய்விட்டுக் கேட்பதில்லை. மெனுவைப் பார்த்ததுமே மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

நான் அவனுக்குச் சொன்னது 'கிளேர் ஒப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33'. பிரான்சில் மோன்பெலியே நகரத்தில் இருக்கும் 'சாண்ட்ஃபால் இன்டராக்டிவ்' என்ற சின்ன நிறுவனம் செய்தது. 2025 ஏப்ரலில் வெளிவந்து, அந்த டிசம்பரிலேயே 'தி கேம் அவார்ட்ஸ்' மேடையில் ஆண்டின் சிறந்த கேம் என்ற விருதை வாங்கிவிட்டது. இயக்குநர் கியோம் ப்ரோஷ் அதற்கு முன் யூபிசாஃப்டில் வேலை பார்த்தவர். விருது கிடக்கட்டும். விருது வாங்கிய எத்தனையோ கேமை என்னால் ஒரு மணி நேரம் தாண்டி ஆட முடிந்ததில்லை. இதைச் சொன்னதற்குக் காரணம் வேறு.

"கபடி எப்படிடா ஆடுறாய்ங்க?" என்று திருப்பிக் கேட்டேன்.

மேலூர்ப் பக்கமும் உசிலம்பட்டிப் பக்கமும் ராத்திரியில் லைட்டைக் கட்டி நடத்துகிற ஆட்டம் அவனுக்குப் புதிதில்லை. பாடி வருகிறவனுக்கு 30 வினாடி. அது முழுக்க அவன் முறை. அதற்காக இந்தப் பக்கத்து ஏழு பேரும் சும்மாவா நிற்கிறார்கள்? கார்னரில் நிற்கிறவனைப் பார்த்தால் தெரியும். வருகிறவனின் முகத்தை அவன் பார்க்கவே மாட்டான், கண் காலிலேயே இருக்கும். போனஸ் கோட்டுக்கு எந்தக் காலை நீட்டுகிறான், எடை எந்தக் காலில் நிற்கிறது, நீட்டிய காலை எப்போது இழுக்கப் போகிறான் என்பதுதான் கணக்கு. கொஞ்சம் முந்திப் பாய்ந்தால் தொட்டுவிட்டுப் போய்விடுவான். கொஞ்சம் பிந்தினால் கையில் மண்தான் இருக்கும். சரியான நொடியில் கணுக்காலைப் பிடித்துவிட்டால், பாடி வந்தது அவன், பாயிண்ட் நமக்கு.

எக்ஸ்பெடிஷன் 33-இல் எதிரியின் முறை இப்படித்தான். அவன் அடிக்க வருகிற நேரத்தில் நமக்கு முக்கியமாக இரண்டு பட்டன் வேலை செய்கின்றன. ஒன்று டாட்ஜ், அதாவது விலகிவிடுவது. இன்னொன்று பேரி, அடியை ஆயுதத்தால் தட்டிவிடுவது. டாட்ஜுக்கு அவகாசம் கொஞ்சம் தாராளம். பேரிக்கு ரொம்பக் கறார். எதிரி மூன்று அடி தொடர்ந்து அடித்தால் மூன்றையும் தட்டிவிட வேண்டும். தட்டிவிட்டால் நம் ஆள் உடனே திருப்பி ஒன்று கொடுப்பான், அதற்குத் தனியாக முறை வரவேண்டியதில்லை. அடிக்கிற விதமும் ஒரே மாதிரி இருக்காது. வாளை ஓங்கியவன் ஓங்கியபடியே ஒரு கணம் நிற்பான். நாம் பதறிப்போய் பட்டனை அழுத்திய பிறகு நிதானமாக இறக்குவான். ஒவ்வொரு ஜந்துவுக்கும் ஒரு தாளம். அதைக் காதாலும் கண்ணாலும் பிடிக்க வேண்டும். செகிரோ ஆடியவனுக்கு இது பழகிய வேலை.

"அப்ப பேசாம ஆக்‌ஷன் கேமாவே செஞ்சிருக்கலாமே மாமா?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்லும்போதுதான் முறை எதற்கு என்பதும் புரியும்.

ஆக்‌ஷன் கேமில் இருபது ஸ்கில் கொடுப்பார்கள். எத்தனையைப் பயன்படுத்துகிறோம்? மூன்று, மிஞ்சினால் நான்கு. பாஸ் மேலே விழுந்து அடிக்கிறபோது மற்ற பதினாறும் ஞாபகத்துக்கு வராது. வந்தாலும் விரல் போகாது. யோசிக்க நேரம் இல்லாத ஆட்டத்தில் யோசிக்க வேண்டிய ஸ்கில்லை வைத்தால் அது சும்மா கிடக்கும். முறை வைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. நீ யோசித்து முடிக்கும்வரை எதிரி நிற்பான். அதனால் ஆட்டத்தைச் செய்கிறவன் துணிந்து சிக்கலான விஷயங்களைக் கையில் கொடுக்கலாம்.

மாயெல் என்று ஒரு பெண் பாத்திரம், வயது 16, கையில் மெல்லிய வாள். அவளுக்கு நிலைகள் உண்டு. தாக்கும் நிலையில் அடி கூடும், வாங்குகிற அடியும் கூடும். காக்கும் நிலையில் அடி குறைவாக விழும். மூன்றாவது 'விர்ட்யுவோஸ்' நிலை. அதில் அவள் அடிக்கிற அடி 200 சதவீதம் கூடுதல். நேராக அதில் போய் உட்கார முடியாது. எந்த ஸ்கில் போட்டால் எந்த நிலைக்குப் போவாள் என்று பார்த்து, ஒரு முறை முன்னதாகவே ஏற்பாடு செய்ய வேண்டும். குஸ்தாவ் என்பவனுக்கு இயந்திரக் கை. ஒவ்வொரு அடிக்கும் அதில் சார்ஜ் ஏறும், பத்து சேர்ந்ததும் மொத்தமாக அவிழ்த்துவிடலாம். முன்னாலேயே அவிழ்ப்பதும் உன் இஷ்டம்.

இந்த ஸ்கில்களுக்குச் செலவு ஏபி, ஆக்‌ஷன் பாயிண்ட். சாதாரணமாக ஒரு அடி அடித்தால் ஒன்று கிடைக்கும். அது மெதுவான வரவு. ஆனால் எதிரியின் அடியைத் தட்டிவிடுகிற ஒவ்வொரு பேரிக்கும் ஒரு ஏபி உண்டு. எதிரியின் முறையில் சம்பாதித்து, நம் முறையில் செலவழிக்கிறோம். கைவேகம் இருக்கிறவனுக்குக் கையில் காசு புரளும். அவன் பெரிய பெரிய ஸ்கில்லாக எடுத்துப் போடலாம். வேகம் இல்லாதவன் சிக்கனமாக ஓட்டியாக வேண்டும். நான் இரண்டாவது ஜாதி. ஐம்பதை நெருங்குகிற விரல்களுக்கு டாட்ஜே போதும் என்று ஓட்டுகிறேன், ஓடுகிறது.

பிக்டோ என்று இன்னொன்று உண்டு. பாத்திரம் மாட்டிக்கொள்கிற சின்னச் சின்ன சக்திகள். ஒரு பிக்டோவை மாட்டிக்கொண்டு நான்கு சண்டை ஜெயித்தால் அதன் குணம் குழுவில் எல்லோருக்கும் பாடமாகிவிடும். பிறகு அதைக் கழற்றிவிட்டு அடுத்ததை மாட்டலாம். இது தெரியாமல் நல்லதாக ஒன்றைப் போட்டுவிட்டுக் கடைசிவரை அதையே கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் உண்டு. சுழற்சியில் விட வேண்டும்.

முறை வைத்து ஆடுவதே பழைய மெஷினில் வேகமாக எதுவும் ஓடாததால் வந்த பழக்கம் என்று அவன் எங்கேயோ படித்திருந்தான். முழு உண்மை இல்லை. 1974-இல் அமெரிக்காவில் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை போட்டு ஆடுவது. அங்கே ஆளுக்கொரு முறை என்பதுதான் இயற்கை. அதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தவற்றில் 1981-இல் வந்த 'விசார்ட்ரி' முக்கியமானது. அதில் மயங்கிய யூஜி ஹோரி ஜப்பானில் 1986-இல் 'டிராகன் குவெஸ்ட்' செய்தார். மறுவருஷம் 'ஃபைனல் ஃபேண்டசி'. சரியான நொடியில் பட்டனை அழுத்தினால் அடி கூடும், வாங்குகிற அடி குறையும் என்கிற யுக்தியும் புதிதல்ல. 1996-இல் நின்டெண்டோவின் 'சூப்பர் மாரியோ ஆர்பிஜி'யிலேயே இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் செய்தது அந்த நொடியைக் கறாராக்கி, பரிசை உயர்த்தியதுதான்.

இதில் ஒரு வேடிக்கை. 'யாகூசா' என்று தெருச்சண்டை கேம் வரிசை ஒன்று உண்டு, முழுக்க முழுக்க கைகலப்பு. 2019 ஏப்ரல் முதல் தேதி அதன் குழுவினர், அடுத்த யாகூசா டர்ன்-பேஸ்டு என்று ஒரு வீடியோ விட்டார்கள். ஏப்ரல் ஃபூல் என்று எல்லோரும் சிரித்தார்கள். 2020-இல் நிஜமாகவே அப்படித்தான் வந்தது, 'யாகூசா: லைக் எ டிராகன்'. தெருவில் கிடக்கிற சைக்கிளைத் தூக்கி அடிப்பதுகூட முறை வைத்துத்தான். சிரித்தவர்களில் பலர் வாங்கி ஆடினார்கள். ஃபைனல் ஃபேண்டசியோ எதிர்த்திசையில் போய், 2023-இல் வந்த பதினாறாவது பாகத்தில் முழு ஆக்‌ஷனாகிவிட்டது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. அதை இன்னொரு டீக்கு வைத்துக்கொள்வோம்.

"கதை?" என்றான். வடை வந்திருந்தது.

ஒரு ஊர். தூரத்தில் பெரிய கல்தூண். வருஷத்துக்கு ஒரு முறை ஓவியக்காரி ஒருத்தி எழுந்து வந்து அதில் ஒரு எண்ணை எழுதுகிறாள். அந்த வயதை எட்டியவர்கள் எல்லோரும் பூவிதழும் புகையுமாகக் கரைந்துபோகிறார்கள். வருஷாவருஷம் எண் ஒன்று குறைகிறது. இப்போது எழுதப்பட்டிருப்பது 33. இங்கே நாம் ஜோசியரிடம் சுற்றி வளைத்துக் கேட்கிற கணக்கு, அங்கே ஊரறியக் கல்லில் எழுதியிருக்கிறது. மிச்சம் ஒரு வருஷமே இருக்கிறவர்கள் சேர்ந்து அவளை நிறுத்தக் கிளம்புகிறார்கள். இதற்கு மேல் சொன்னால் உன் சந்தோஷத்தைக் கெடுத்தவனாவேன். முதல் அரை மணி நேரத்தில் சண்டை அதிகம் இருக்காது, எழுந்து போய்விடாதே என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

குறை இல்லையா? இருக்கிறது. உள்ளே சுற்றுகிற இடங்களில் மினிமேப் கிடையாது. ஒரே மாதிரிப் பாறைகளுக்கு நடுவே வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருப்போம். கதையின் மூன்றாவது பாகத்தில் பில்ட், அதாவது ஸ்கில்-பிக்டோ சேர்க்கை, சரியாக அமைந்துவிட்டால் பாஸ்கள் ஓரிரு அடியில் சாய்ந்துவிடுகின்றன, அதுவரை இருந்த நிறைவு போய்விடுகிறது. இன்னொன்று, பேரி இவ்வளவு பலமாக இருப்பதால் கைவேகக்காரன் மெனுவை மதிக்காமலே பாதி தூரம் போய்விடலாம். ஆக்‌ஷன் ஆட்களிடம் நான் எதிர்பார்க்கிற தவறு அதுதான். பேரி மட்டுமே அடித்து ஜெயித்துவிட்டு, இது என்ன பெரிய கேம் என்று சொல்லிவிடுவார்கள்.

ஆக, வருகிற வழி இது. கஷ்டத்தில் நடுவில் இருக்கிற 'எக்ஸ்பெடிஷனர்' அளவை எடு. முதலில் பேரிக்கு ஆசைப்படாமல் டாட்ஜ் மட்டும் செய். திரையில் 'பர்ஃபெக்ட்' என்று வந்தால், அங்கே பேரி போட்டிருந்தாலும் விழுந்திருக்கும் என்று அர்த்தம். அது அடிக்கடி வர ஆரம்பித்ததும் பேரிக்கு மாறிக்கொள். கொடி நட்ட இடங்களில் இளைப்பாறலாம், ஆனால் இளைப்பாறினால் செத்த எதிரிகள் திரும்ப முளைப்பார்கள். கதையை மட்டும் முடிக்கவே முப்பது மணி நேரம் பிடிக்கும். ஆகவே கஃபேயில் ஆடினால் உன் பேரில் தனி யூசர் போட்டுக் கொடுக்கச் சொல். பொது யூசரில் ஆடி, வேறு எவனாவது உன் சேவ் மேலேயே ஆடிவிட்டால் அழுது பிரயோஜனம் இல்லை.

பிஎஸ்5-உம் இல்லை, நல்ல கம்ப்யூட்டரும் இல்லை என்றால் போனில் 'ஹொன்காய்: ஸ்டார் ரெயில்' இருக்கிறது, 2023-இல் வந்தது, இலவசம். எதிரியின் பலவீனத்தைப் பார்த்து அடித்து அவன் முறையைப் பின்னுக்குத் தள்ளலாம், அது நன்றாகவே இருக்கும். ஆனால் பாத்திரங்களைக் குலுக்கல் முறையில் எடுக்க வேண்டும். காசு போட்டுக் குலுக்கத் தொடங்கினால் நிற்காது. பைசா போடுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு தொடு. 'பால்டர்ஸ் கேட் 3'ஐயும் 'பெர்சோனா 5'ஐயும் இப்போதைக்கு விட்டுவிடு. இரண்டும் அருமை. ஆனால் முதலாவது ஆரம்பத்தில் படிக்கச் சொல்லும், இரண்டாவது முதல் சில மணி நேரம் உன் கையை விடாது.

எக்ஸ்பெடிஷன் 33-க்கு இருக்கிற இன்னொரு சௌகரியத்தை அவன் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டான். நெட் போனாலும் ஆட்டம் போகாது, பிங் என்ற பேச்சே இல்லை. உன் முறை வந்திருக்கும்போது அம்மா கூப்பிட்டால் அப்படியே வைத்துவிட்டுப் போகலாம். பிஜிஎம்ஐயில் அது நடக்குமா?

கடைசியாக அவனுக்கு முக்கியமான கேள்வி பாக்கி இருந்தது.

"துப்பாக்கி இருக்கா மாமா?"

இருக்கிறது. உன் முறையில் குறிபார்த்துச் சுடலாம். பறக்கிற எதிரி, பளபளவென்று பலவீனமான இடம் தெரிகிற எதிரி என்றால் கட்டாயம் சுட வேண்டும். ஆனால் ஒரு குண்டுக்கு ஒரு ஏபி. போன முறை அவன் அடியைத் தட்டித் தட்டிச் சேர்த்ததிலிருந்துதான் அது போகும். நாலு குண்டைக் கண்டபடி விட்டாய் என்றால் மாயெலுக்கு அந்த முறை ஸ்கில் போட ஒன்றும் மிஞ்சாது.

"பிஜிஎம்ஐல ஒரு மேகசின் காலி பண்றதுக்கே நான் யோசிக்க மாட்டேனே" என்றான்.

"தெரியும். அதனாலதான் இதைச் சொல்றேன்."