பதநீர்ல சுண்ணாம்பு, பீர்ல ஈஸ்ட்: ஊர்லயே ப்ரூவரி போட முடியுமா?

போன வாரம் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. அனுப்பினவருக்கு ராஜபாளையம், கூட இருக்கிற நண்பருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். ரெண்டு பேருக்கும் பெங்களூர்ல வேலை. "அண்ணா, வீட்டுலயே பீர் காய்ச்சிப் பழகி, அப்புறம் ஊர்ல ஒரு சின்ன ப்ரூவரி போடணும். நடக்குமா?"

கசப்பான பதில முதல்ல சொல்லிடுறேன். தமிழ்நாட்டுல 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் அமல்ல இருக்கு. உரிமம் இல்லாம மது தயாரிக்கிறது குற்றம். "விக்கல, நாங்க குடிக்கத்தான்"னு சொன்னாலும் அதேதான். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல இறந்தாங்க. அதுக்கப்புறம் தண்டனைய இன்னும் கடுமையாக்கிட்டாங்க. பீர் நொதிக்கும்போது அந்த மாதிரி ஆபத்தான அளவுக்கு மெத்தனால் வராது. ஆனா வீட்டுக்குள்ள ஒரு டிரம் நொதிச்சுக்கிட்டு இருந்தா, இந்த விளக்கம் உங்களைக் காப்பாத்தாது. பெங்களூர்ல இருந்தாலும், அடுப்பு பத்த வைக்கிறதுக்கு முன்னாடி அங்க இருக்கிற கலால் விதியப் படிச்சிடுங்க.

இத்தனைக்கும் நொதித்தல் நம்ம ஊருக்குப் புதுசே இல்ல. பனை ஏறுறவங்க கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவுவாங்க. அந்தக் காரத்தன்மையில ஈஸ்ட் அடங்கிடும், இறங்குறது பதநீர். சுண்ணாம்பு தடவலன்னா காத்துல இருக்கிற ஈஸ்ட் சர்க்கரையத் தின்னு ஆல்கஹாலா மாத்திடும், இறங்குறது கள்ளு. 1987-லிருந்து இங்க கள்ளுக்குத் தடை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல கள்ளுக்கடைக்கு உரிமம் உண்டு!

பீரும் இதே வேலைதான். முளைகட்டின பார்லிய அரைச்சு, 65 டிகிரி வெந்நீர்ல ஒரு மணி நேரம் ஊற வச்சா மாவுச்சத்து சர்க்கரையாகும். அந்தத் தண்ணிய வடிச்சு, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்க வச்சு, சட்டுனு ஆற வச்சு ஈஸ்ட் சேர்க்கணும். 20 லிட்டருக்கு சுமார் 5 கிலோ மால்ட். 'ஏல்' வகைக்கு 20 டிகிரி பக்கம் வெப்பம் இருக்கணும். ராஜபாளையத்துச் சித்திரை வெயில்ல விட்டா, ஈஸ்ட் வெறி பிடிச்ச மாதிரி வேலை பார்த்து, தொண்டைய எரிக்கிற ஒரு வாடைய விட்டுட்டுப் போகும். அதனால முதல் செலவே கூலிங்தான்.

வீட்டுலேருந்து ப்ரூவரிக்குப் போனவங்க இருக்காங்களா? இருக்காங்க. நாராயண் மானேபள்ளி அமெரிக்காவுல போர்ட்லேண்ட்ல இன்டெல் எஞ்சினியரா இருந்தப்போ வீட்டுல காய்ச்சிப் பழகினவர். ஊர் திரும்பி, பெங்களூர்ல 'கைஸ்ட்' பிராண்டை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர். எடுத்த உடனே டேங்க் வாங்கல. முதல்ல பெல்ஜியத்துல காய்ச்சி இறக்குமதி பண்ணாங்க. சொந்த ப்ரூவரி பிறகுதான் வந்துச்சு.

இன்னொருத்தர் கலிஃபோர்னியா கென் கிராஸ்மன். 1976-ல வீட்டுல காய்ச்சுறவங்களுக்குச் சாமான் விக்கிற கடை வச்சார். 1980-ல 'சியரா நெவாடா' முதல் பீர் காய்ச்சினப்போ, பாதி உபகரணம் பழைய பால் பண்ணைச் சாமான். சுவை ஒரே மாதிரி வர்ற வரைக்கும் பல பேட்ச்சைக் கீழே கொட்டினார். பால்கோவா ஊர்க்காரருக்கு இது புரியும்: பாத்திரம் சுத்தமில்லன்னா பாலும் திரியும், பீரும் புளிக்கும்.

அதனால தம்பிகளா, வரிசை இதுதான். உரிமம் உள்ள ஒரு ப்ரூவரியில வார இறுதியில கழுவுற வேலைக்காவது சேருங்க. அந்தத் தொழில்ல பாதி கழுவுறதுதான். 20 லிட்டர்ல வர்ற சுவை 500 லிட்டர்லயும் ஏன் வரமாட்டேங்குதுன்னு அங்கதான் தெரியும். டேங்குக்கு அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி கலால் சட்டம் தெரிஞ்ச வக்கீலைப் பாருங்க. முதல் ப்ரூவரி வேற மாநிலத்துல அமையலாம். சட்டம் மாறுற அன்னைக்கு, கைத்தொழிலோட ஊருக்கு வாங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்!