வெள்ளையடிக்கும் பருவம்

புசா ரோட்டில் குளிர் விலகுவதை அறியப் பஞ்சாங்கம் வேண்டுவதில்லை. மாசி மாதம் பிறந்ததும் மெட்ரோ ரயில் பாலத்தின் கீழே நடப்போர் தோளிலிருந்து கம்பளிகள் இறங்குகின்றன. வீட்டு வாயில்தோறும் தொட்டிகளில் டேலியாவும் பெட்டூனியாவும் பூத்துக் குலுங்குகின்றன. வசந்த பஞ்சமி முடிந்தால் ஹோலி. ஹோலி முடிந்தால் வெயில். இடைப்பட்ட அந்தச் சில வாரங்களே தலைநகரின் இளவேனில்.

இந்நாட்களில் நம் மாணவ நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு: "இங்கே வசந்தம் வந்தால் வீட்டையும் தோட்டத்தையும் புதுப்பிக்கிறார்களே, நம் ஊரில் அப்படி ஒரு வழக்கம் உண்டா?" உண்டு. ஆனால் அதன் பருவம் வேறு, காரணமும் வேறு. அந்தக் காரணத்தை இரசாயனம் பயிலும் நான் புத்தகத்தில் படிக்கவில்லை. ஒரு பிழை செய்து, எங்கள் வீட்டுச் சுவரைக் கெடுத்த பின்பே படித்தேன். அதனை இங்கே விளக்க முயல்கிறேன்.

சாளை என்பது யாது?

டில்லியில் 'ஃபார்ம் ஹவுஸ்' என்றால் மெஹரௌலி, சத்தர்பூர்ப் பக்கங்களில் செல்வர் கட்டியுள்ள மாளிகைகள் நினைவுக்கு வரும். கொங்கு நாட்டில் தோட்டத்து வீடு என்பது அதுவன்று. எங்கள் பகுதி உழவர் பலர் ஊருக்குள் நெருங்கி வாழாமல், தத்தம் கிணற்றையும் காட்டையும் ஒட்டியே வீடு கட்டிக்கொள்வர். அதற்குச் சாளை என்று பெயர். ஒரு ஆசாரம், ஒரு திண்ணை, ஓட்டுக் கூரை, பக்கத்தில் மாடு கட்டும் கட்டுத்தரை, வாசலோரம் ஒரு மல்லிகைக் கொடி: இவ்வளவே. ஈரோடு மாவட்டத்தில் உள்ள எங்கள் சாளையின் சுவர்கள், என் பாட்டனார் காலத்தில் மண்ணை மிதித்து எழுப்பிச் சுண்ணாம்புச் சாந்து பூசியவை. அடியில் ஈரம் ஏறாமல் தடுக்கும் சிமென்ட் பட்டை கிடையாது. இதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நான் செய்த பிழை

சென்ற ஆண்டுக்கு முந்திய ஆண்டு நான் டில்லிக்கு வந்து மூன்று மாதமே ஆகியிருந்தது. தீபாவளி நெருங்கியது. புசா ரோடு முழுவதும் ஏணியும் வண்ண வாளியுமாக இருந்தது. நான் குடியிருக்கும் மாடி அறையின் உரிமையாளரான முதிய பஞ்சாபி அம்மையார், "தீபாவளிக்கு முன் சபேதி அடிக்காத வீட்டில் இலட்சுமி நுழையமாட்டாள்" என்றார். சபேதி என்பது இந்தியில் வெள்ளையடித்தல். என் அறைக்கும் பளபளக்கும் எமல்ஷன் வண்ணம் கிடைத்தது. ஈரத் துணியால் துடைத்தாலும் அது கலையவில்லை.

எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அன்றிரவே தந்தையாரைத் தொலைபேசியில் அழைத்து, "ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடித்துச் சிரமப்படுவானேன்? இந்தத் தீபாவளிக்கே நல்ல வண்ணமாக அடித்துவிடுங்கள், பல ஆண்டுக்குக் கவலை இராது" என்று சொன்னேன். மகன் விஞ்ஞானம் படிக்கிறான் என்ற நம்பிக்கையில், மஞ்சள் விற்ற பணத்தில் மிச்சம் வைத்திருந்ததை எடுத்து அவர் அப்படியே செய்தார்.

தைப் பொங்கலுக்கு ஊர் சென்றேன். ஆசாரத்துச் சுவர் முழங்கால் உயரம்வரை அப்பளம்போல் உப்பியிருந்தது. விரலால் தொட்டால் வண்ணம் தோலாக உரிந்தது. அதன் பின்னே வெண்மையான உப்புப் பொடியும் ஈரமண்ணும் உதிர்ந்தன. என் அப்பத்தாளின் அறையில் பூஞ்சணம் பிடித்து நெடி அடித்தது. எண்பது வயதைக் கடந்த அவர், மார்கழிப் பனியில் கட்டிலைத் திண்ணைக்கு மாற்றிக்கொண்டு இருமியபடி படுத்திருந்தார். தந்தையார் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அப்பத்தாள் மட்டும், "சொவத்துக்கும் வேர்வை உண்டு சாமி. அதை மூடி வெச்சா எங்க போகும்?" என்றார்.

இரண்டு மழை, இரண்டு வெள்ளை

நான் தவறியது இரண்டு இடங்களில். முதலாவது காலம்.

டில்லிக்கு மழை தருவது தென்மேற்குப் பருவக்காற்று. ஜூன் இறுதியில் தொடங்கும் மழை செப்டம்பர் இறுதிக்குள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். அதன்பின் ஒரு மாதம் வெயில் காய்கிறது, நனைந்த சுவர் உலர்கிறது, தீபாவளி வருகிறது. ஆகவே டில்லிக்காரர் தீபாவளிக்கு வெள்ளையடிப்பது மிகப் பொருத்தம். தமிழ்நாட்டிலோ ஐப்பசியில்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர்வரை பெய்கிறது. அம்மழை ஓய்ந்து, சுவர் ஈரம் வடிந்து வரும்போது வருவது போகியும் பொங்கலும். ஆகவே நம் முன்னோர் பொங்கலுக்கு வெள்ளையடித்தனர்.

பண்டிகை இரண்டு, விதி ஒன்றே. மழை ஓய்ந்த பிறகு வீட்டைப் புதுப்பி என்பதே அவ்விதி. நான் டில்லியின் தேதியை எடுத்துக்கொண்டேன். அதன் காரணத்தை விட்டுவிட்டேன். மழை தொடங்கும் வாரத்தில் சுவருக்கு உறை மாட்டினேன்.

சுண்ணாம்பின் தொழில்

இரண்டாவது தவறு, பொருள். மண் சுவர் நிலத்து நீரை விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் நுண்புழைகள் வழியே மேலே இழுக்கிறது. அந்நீர் சுவரின் முகப்பில் ஆவியாகிவிட்டால் தீங்கில்லை. எமல்ஷன் வண்ணமோ காய்ந்ததும் மெல்லிய ஏடாகப் படிந்து, நீராவி வெளியேறுவதைப் பெரிதும் தடுக்கிறது. நீரில் கரைந்து வந்த உப்பு அந்த ஏட்டின் பின்னே படிகமாகிறது. படிகம் வளரும்போது அதன் அழுத்தம் வண்ணத்தையும் சாந்தையும் பெயர்த்துத் தள்ளுகிறது. எங்கள் ஊர்க் கிணற்று நீர் உப்பு நீர். எனவே கேடு விரைவில் வந்தது. சிமென்ட் சுவருக்கு ஏற்ற அதே வண்ணம் மண் சுவருக்குப் பகையாயிற்று.

சுண்ணாம்பு அவ்வாறன்று. சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் சுட்டால் கரியமிலவாயு நீங்கிக் கற்சுண்ணாம்பு கிடைக்கிறது. அதை நீரில் இட்டால் கொதித்து, நீற்றிய சுண்ணாம்பாகிறது. சுவரில் பூசியபின், காற்றில் 0.04 விழுக்காடே உள்ள கரியமிலவாயுவை அது மெல்ல மெல்ல ஏற்று மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகவே மாறுகிறது. சூளையில் எதை இழந்ததோ, அதைச் சுவரில் திரும்பப் பெற்றுக்கொள்கிறது! இப்படி உண்டாகும் படலம் நுண்துளைகள் உள்ளது; சுவரின் 'வேர்வை' அதன் வழியே தாராளமாக வெளியேறும். புதுச் சுண்ணாம்பின் காரத்தன்மை பிஹெச் அளவில் 12-க்கு மேல் இருப்பதால் பூஞ்சணமும் எளிதில் பிடிப்பதில்லை.

இங்கே மார்கழியின் சிறப்பொன்று உண்டு. சுண்ணாம்பு கல்லாக மாறுவதற்குச் சிறிது ஈரம் இன்றியமையாதது. கடும் வெயிலில் பூசினால், மாற்றம் நிகழுமுன் நீர் வற்றிச் சுண்ணாம்பு கையில் ஒட்டும் பொடியாகிவிடும். மழை இல்லை, ஆனால் காற்றில் பனி உண்டு. வெயில் உண்டு, ஆனால் அது மென்மையானது. மார்கழிக் கடைசி வாரத்தைவிடப் பொருத்தமான வாரம் வேறு ஏது? மேலும், வரப்போகும் பங்குனி, சித்திரை வெயிலின் பெரும்பகுதியை அந்த வெண்மை திருப்பி அனுப்பிவிடும். 2010-ஆம் ஆண்டின் கடும் வெப்ப அலைக்குப்பின் வெப்பப் பாதுகாப்புத் திட்டம் வகுத்த அகமதாபாத் நகரம், பின்னர் எளியோர் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை பூசும் முயற்சியையும் மேற்கொண்டது இதே தத்துவத்தின் மீதுதான்.

வெள்ளையடிக்கும் முறை

சென்ற கோடை விடுமுறையில் நானும் தந்தையாரும் அந்த வண்ணத்தை முழுவதும் சுரண்டி எடுத்தோம். பன்னிரண்டு நாள் ஆயிற்று. ஏடு எஞ்சிய இடத்தில் சுண்ணாம்பு பற்றாதாகையால் அவசரப்பட வழியில்லை. பெயர்ந்த இடங்களில் மண்ணும் சுண்ணாம்பும் கலந்த சாந்து பூசி, மார்கழிவரை சுவரை ஆறவிட்டோம். பிறகு செய்த முறை இது:

சங்ககிரிப் பக்கத்துக் கற்சுண்ணாம்பை வாங்கி, இரும்புப் பீப்பாயில் நீர் நிரப்பி, அதில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இட்டுத் தாளிக்க வேண்டும். சுண்ணாம்பின்மேல் நீரைக் கொட்டலாகாது, தெறிக்கும். பிளாஸ்டிக் வாளியும் ஆகாது; கொதியில் இளகிவிடும். குழந்தைகளை அண்டவிடாதீர்கள். கண்ணில் பட்டால் உடனே தாராளமாக நீர் விட்டுக் கழுவியபடி மருத்துவரிடம் செல்க, பார்வைக்கே ஆபத்து. தாளித்ததை ஓரிரு நாள் ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டிப் பால் பதத்தில் கரைக்க வேண்டும். பிடிப்புக்குச் சிறிது வச்சிரப் பசை. மஞ்சள் சாயல் தெரியாமலிருக்கச் சிறிது நீலம்.

சுவரைத் துடைத்து, நீர் தெளித்து நனைத்தபின்பே பூச வேண்டும். ஒரே பூச்சில் வெண்மை காண ஆசைப்படலாகாது. பூசும்போது சுவர் சாம்பல் நிறமாகவே தோன்றும். காயக் காயத்தான் வெளுக்கும். இதை அறியாதவர் மேலும் மேலும் தடிப்பாகப் பூசி, அது பின்னர் செதிலாக உதிர்வதைக் காண்பர். மெல்லியதாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. அடியில் செம்மண் பட்டை தீட்டினால் வேலை முடிந்தது.

தரைக்குச் சாணம் மெழுகுவதில் ஒரு வார்த்தை. சாணத்திலுள்ள நார் மண்ணைப் பிணைத்து வெடிப்பைக் குறைக்கிறது, புழுதி அடங்குகிறது. இவை மெய். ஆனால் சாணம் எல்லாக் கிருமியையும் கொல்லும் என்பதை நான் ஏற்கமாட்டேன். தசைவிறைப்பு நோயை உண்டாக்கும் கிருமியின் வித்து அதில் இருக்கக்கூடும். காலில் புண் உள்ளவரும், பிறந்த குழந்தை உள்ள அறையும் அதிலிருந்து விலகியிருத்தல் நலம். முன்னோர் செய்தது என்பதற்காக எதையும் போற்றவும் வேண்டாம். எதையும் தூற்றவும் வேண்டாம். ஏன் செய்தனர் என்று கேட்போம்.

தோட்டத்துக்கும் பருவம் உண்டு

தோட்டக் கலையிலும் இதே பாடம். புசா ரோட்டையொட்டி உள்ள வேளாண்மை ஆய்வு நிலையத்தை அறியாதார் இல்லை. 1905-இல் பீகாரில் புசா என்னும் ஊரில் தோன்றி, 1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் நேர்ந்த பூகம்பத்தில் கட்டிடம் சிதைந்தபின், 1936-இல் டில்லிக்கு வந்த நிலையம் அது. ஊரை விட்டு வந்தாலும் ஊரின் பெயரை விடவில்லை. நம் ஊர்க் குடியானவர் வாயில் 'புசா' வெண்டை விதையாக வழங்கிற்று. 1950 முதல் 1965 வரை அதன் இயக்குநராக விளங்கிய டாக்டர் பி. பி. பால், கோதுமை ஆராய்ச்சியோடு புதிய ரோஜா வகைகளையும் உருவாக்கியவர்.

டில்லியில் ரோஜாவை அக்டோபர் நடுவில் கவாத்துச் செய்கின்றனர். குளிர்காலம் முழுவதும் பூக்கிறது. இப்போது தொட்டிகளில் சிரிக்கும் பூக்களின் விதைகள் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் விதைத்தவை. வசந்தத்தில் தோட்டம் வேண்டுமென்று வசந்தத்தில் விழிப்பவர் ஏமாறுவர். நம் ஊர்க் குண்டுமல்லிக்கோ நவம்பர் கடைசி வாரம் கவாத்துக்கு ஏற்றது. தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை அடி விட்டு வெட்டி, காய்ந்த குச்சிகளை நீக்கி, தொழு உரம் இட்டால் மார்ச்சு முதல் மொட்டு வரும். பிச்சிக்கு டிசம்பர் பிற்பாதி. முல்லைக்கு ஜனவரிக் கடைசி. மூன்றும் மல்லிகை இனமே. ஆயினும் மூன்றுக்கும் மூன்று நாள். வெண்டை, பாகல், சுரை ஆகியவற்றுக்குத் தைப்பட்டம் உண்டு. டில்லியிலும் குளிர் தணியும் பிப்ரவரியில் இவற்றை விதைக்கின்றனர்.

இவ்வாண்டு போகியன்று மாலை, வெளுத்த சுவரின்மேல் கூரை இறப்பில் பூளைப்பூவும் வேப்பிலையும் ஆவாரம்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டினோம். முதல் பூச்சின் முதல் கோட்டை அப்பத்தாள்தான் இழுத்தார். கட்டில் மீண்டும் அறைக்குள் சென்றது. இம்மாதம் தொலைபேசியில் கேட்டேன். சுவர் காய்ந்திருக்கிறதாம், முழங்கால் உயரத்தில் மட்டும் சிறிது உப்புப் பூக்கிறதாம். அதைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு அடுத்த மார்கழியில் மீண்டும் வெள்ளையடிக்க வேண்டியதுதான். ஆண்டுதோறும் செய்ய வேண்டியிருப்பது சுண்ணாம்பின் குறையன்று. ஆண்டுக்கொருமுறை சுவரை அருகே சென்று பார்க்க அது நமக்குத் தரும் வாய்ப்பு.

நண்பர்களே, நம்மில் பலர் படிப்பு முடிந்ததும் ஊருக்கு அறிவுரை சொல்லும் நிலையில் இருப்போம். நம் சொல்லை நம்பி, மஞ்சள் விற்ற பணத்தைச் செலவிடுவோர் அங்கே இருக்கின்றனர். ஆகையால் ஒன்றைச் சொல்லுமுன், அங்கே எப்போது மழை பெய்கிறது என்றும், சுவர் எதனால் ஆனது என்றும் முதலில் கேட்டறிவோமாக.