வரைபுக் கணிப்பான் வாங்குமுன்

மேற்படிப்புக்காக அமெரிக்கா செல்லும் மாணவரின் பயணப் பெட்டியில் இடம்பெறும் பொருள்களுள் வரைபுக் கணிப்பானும் ஒன்றாகிவிட்டது. கம்பளிச் சட்டையைத் தெரிவு செய்வதிற் காட்டும் கவனத்தைப் பெற்றோர் பலர் இக்கருவியிற் காட்டுவதில்லை. விலை உயர்ந்ததே சிறந்ததென எண்ணி வாங்கிவிடுகின்றனர். அவ்வாறு வாங்கிய கருவி பரீட்சை மண்டப வாயிலிலே தடுக்கப்படுமாயின், பணமும் வீண். அதனையே நம்பிப் பழகிய மாணவனும் திகைத்து நிற்பான். ஆதலின் இதுபற்றிச் சில கூற விரும்புகின்றோம்.

சாதாரண கணிப்பான் விடையை எண்ணாகத் தரும். வரைபுக் கணிப்பானோ ஒரு சமன்பாட்டின் வளைகோட்டையே திரையில் வரைந்து காட்டும். 1985ஆம் ஆண்டு கசியோ நிறுவனம் வெளியிட்ட எஃப்.எக்ஸ்.-7000ஜி என்பதே விற்பனைக்கு வந்த முதலாவது வரைபுக் கணிப்பான். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ற்ஸ் நிறுவனம் 1990இல் ரி.ஐ.-81 என்னும் கருவியுடன் இத்துறையிற் புகுந்தது. அதன் வழிவந்த ரி.ஐ.-84 பிளஸ் 2004இலும், வண்ணத் திரை கொண்ட ரி.ஐ.-84 பிளஸ் சீ.ஈ. 2015இலும் வெளிவந்தன. அமெரிக்க வகுப்பறைகளிற் பெரிதும் காணப்படுவன இவையே.

இனி, தெரிவு செய்யும் முறையைக் கவனிப்போம். முதலிற் கேட்கவேண்டிய வினா, “எது சிறந்தது?” என்பதன்று, “எது அனுமதிக்கப்படும்?” என்பதே. 1998இல் வந்த ரி.ஐ.-89, 2013இல் வந்த எச்.பி. பிரைம் போன்றவை, எண்களை மட்டுமன்றி அட்சரகணிதக் கோவைகளையும் கையாள்வன. காரணிப்படுத்தல், வகையீடு, தொகையீடு ஆகியவற்றை அவை எழுத்துக்களிலேயே செய்து விடை தரும். அமெரிக்கக் கல்லூரி அனுமதிக்கான ஏ.சி.ரி. பரீட்சை இவ்வகைக் கருவிகளை விலக்கியுள்ளது. கல்லூரி நுண்கணித வகுப்புகள் பலவும் அவ்வாறே விலக்குகின்றன. பரீட்சையில் எந்தக் கணிப்பானையுமே அனுமதியாத ஆசிரியரும் உளர். ஆகவே பாடத்தின் விதிகளைப் படித்தறிந்த பின்னரே கடைக்குச் செல்லுதல் வேண்டும். ஐயமிருப்பின் ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்பதில் இழுக்கேதுமில்லை.

இரண்டாவது, வகுப்பில் எக்கருவி வழங்குகின்றது என்பதாகும். எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவதென ஆசிரியர் தமது கருவியைக் கொண்டே விளக்குவார். வேறு நிறுவனத்தின் கருவி தகுதியிற் குறைந்ததன்று. ஆனால் அதன் வழியை மாணவன் தானே கற்றுக்கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, வேண்டிய ஆற்றல் எவ்வளவு என்பது. அமெரிக்கப் பள்ளி மாணவர் கல்லூரி மட்டத்தில் எழுதும் ஏ.பி. நுண்கணிதப் பரீட்சை எதிர்பார்ப்பவை நான்கே: வேண்டிய எல்லைக்குள் வரைபை வரைதல், சமன்பாட்டின் மூலங்களைக் காணல், ஒரு புள்ளியிற் பெறுதியின் எண்பெறுமானத்தைக் காணல், வரையறுத்த தொகையீட்டைக் கணித்தல். கசியோவின் எஃப்.எக்ஸ்.-9750 வரிசை போன்ற விலை குறைந்த கருவிகளும் இந்நான்கையும் செவ்வனே செய்யும். வண்ணத் திரைக்காக மட்டும் மேலதிகப் பணம் கொடுப்பது அவசியமா என்பதைக் குடும்பத்தின் வருவாயை நோக்கித் தீர்மானிக்கலாம். ஒருவர் பாவித்த கருவியை வாங்குவோர், ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பார்த்து, மின்கல அறையிற் கறள் உண்டோவெனவும் நோக்குக. ஒரு தவணைக்கு மட்டும் வேண்டுவோர் கல்லூரி நூலகத்தில் இரவல் உண்டா எனவும் விசாரிக்கலாம். வீட்டுப் பயிற்சிக்கு ஜியோஜெப்ரா, டெஸ்மோஸ் என்னும் இலவச மென்பொருள்கள் போதும். ஆனால் கைத்தொலைபேசியைப் பரீட்சைக்குக் கொண்டுசெல்லல் இயலாது.

இவை யாவற்றிலும் முக்கியமான ஒன்றுளது. திரையிற் காண்பதெல்லாம் உண்மையாகாது. y = x² + 12 என்னும் பரவளைவை ரி.ஐ.-84இன் வழமையான எல்லைகளுக்குள் வரையச் சொன்னால் வெறுந்திரையே தோன்றும். அவ்வெல்லைகள் -10 முதல் 10 வரையானவை. வளைகோட்டின் அதிதாழ் புள்ளியோ 12இல் உள்ளது. கோணத்தைப் பாகையில் அளக்காது ஆரையனில் அளக்கும் நிலையிற் கருவி இருக்குமாயின், சைன் 30இன் விடை 0.5 என வராது, -0.988 என வரும். x = 4 ஆக இருக்கையில் 1/2x என அழுத்தினால் ரி.ஐ.-82 தரும் விடை 0.125, அதன்பின் வந்த ரி.ஐ.-83 தரும் விடை 2. முன்னையது 2xஐ ஒன்றாகக் கொண்டு வகுக்கும். பின்னையது அரையை xஆற் பெருக்கும். அடைப்புக்குறி இடும் பழக்கமுள்ள மாணவனுக்கு இரண்டும் ஒன்றே.

எனவே, மாணவருக்கு நாம் கூறுவது இதுதான். பொத்தானை அழுத்துமுன், வளைகோடு எங்கே தொடங்கும், எங்கே திரும்பும், எவ்வச்சை வெட்டும் என்பதைத் தாளிற் பருமட்டாக வரைந்து பாருங்கள். பின்னர் திரையைப் பாருங்கள். இரண்டும் மாறுபடுமாயின், தவறு எங்கேயென ஆராயுங்கள். அந்த ஆராய்ச்சியிலேதான் கணிதம் கற்கப்படுகின்றது. விடையைச் சந்தேகிக்கத் தெரிந்தவன் கையில் மலிவான கருவியும் நன்கு பயன்படும்; அது தெரியாதவனை எத்துணை விலையுயர்ந்த கருவியும் காப்பாற்றாது.