குறட்டையும் சளியும்

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இளநீர்க் கடையில் தரும் காகித உறிஞ்சுகுழல் ஒன்றை எடுத்து, அதன் நடுப்பகுதியை நீரில் நன்றாக நனையுங்கள். ஒரு முனையை வாயில் வைத்துக் காற்றை உறிஞ்சுங்கள். காற்று எளிதாக வரும். இப்போது மறுமுனையை விரலால் முக்கால் பங்கு மூடிக்கொண்டு, பலமாக உறிஞ்சுங்கள். நனைந்த நடுப்பகுதி நசுங்கி ஒட்டிக்கொள்ளும்.

காரணம் எளியது. நுழைவாயில் குறுகியதும், குழலுக்குள் அழுத்தம் வெகுவாகக் குறைகிறது. வெளியே வளிமண்டல அழுத்தம் அப்படியே இருக்கிறது. உறுதியற்ற சுவரை அது உள்நோக்கித் தள்ளிவிடுகிறது. உறங்கும் மனிதனின் தொண்டையிலும் இதுவே நிகழக்கூடும்.

தொண்டை என்னும் மென்குழல்

மூக்கின் மேற்பகுதிக்கு எலும்பும், கீழ்ப்பகுதிக்குக் குருத்தெலும்பும் காவல். மூச்சுக்குழலுக்குக் குருத்தெலும்பு வளையங்கள் காவல். இடையிலுள்ள தொண்டைக்கோ அத்தகைய சட்டம் கிடையாது; சுற்றியுள்ள தசைகளே அதைத் திறந்து வைத்திருக்கின்றன. உறங்கும்போது இத்தசைகள் தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கும் பின்னோக்கிச் சரிகிறது. வழி குறுகி, மென்மையான சதை காற்றில் அதிர்வதே குறட்டை.

வழி முழுவதும் மூடிக்கொண்டால் மார்பு ஏறி இறங்கினாலும் காற்று உள்ளே செல்லாது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, கார்பன்-டை-ஆக்சைடு மிகுகிறது. ஆபத்தை உணர்ந்த மூளை ஒரு கணம் விழித்துத் தசைகளை இறுக்குகிறது. பெரிய செருமலுடன் மூச்சு திரும்புகிறது. மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. உறங்குபவருக்குக் காலையில் இவற்றில் ஒன்றும் நினைவிராது.

மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நின்றால் அதை ஒரு தடையாக மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். முழுத் தடையும் பாதித் தடையுமாக மணிக்கு 5 முதல் 15 வரை ஏற்பட்டால் நோய் இலேசானது. 30-ஐத் தாண்டினால் கடுமையானது. மணிக்கு 30 என்றால் ஏழு மணி நேர உறக்கத்தில் 210 தடைகள்!

சளி பிடித்தால் என்ன ஆகும்?

வைரஸ் தொற்றினால் மூக்கின் உட்சவ்வு வீங்குகிறது. இங்கே நமக்கு உதவுவது புவாஸேய் விதி. சீரான ஓட்டத்தில், குழலின் வழியே செல்லும் பாய்மத்தின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஓட்டம் 41 விழுக்காடாகிவிடும்; பாதியானால் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். மூக்கு நேரான குழல் அன்று. ஆயினும் சிறிய வீக்கம்கூட ஏன் இத்தனை திணறலைத் தருகிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

மூக்கடைத்தவர் அதிக விசையுடன் மூச்சை இழுக்க நேரிடுகிறது. தொண்டைக்குள் அழுத்தம் மேலும் குறைகிறது. சோதனையில் விரலால் மூடிய முனையே இந்த மூக்கு. நசுங்கிய நடுப்பகுதியே தொண்டை. ஆகவே, முன்பே மூச்சுத்தடை உள்ளவருக்குச் சளிக் காலத்தில் அது மிகக்கூடும். குறட்டையே அறியாதவர்கூடச் சில நாள் குறட்டை விடலாம். அது சளியோடு போய்விட்டால் கவலை வேண்டியதில்லை.

உறக்கம் கெட்டால்

நோயை எதிர்க்கும் உடலுக்கு உறக்கம் இன்றியமையாதது. அமெரிக்காவில் ஷெல்டன் கோஹனும் அவருடைய குழுவினரும் நலமுள்ள 153 பேருடைய உறக்கத்தை இரு வாரம் குறித்துக்கொண்டு, பின்னர் அவர்கள் மூக்கில் சளி வைரஸைச் சொட்டுகளாக விட்டனர். 2009-இல் வெளியான முடிவின்படி, 7 மணி நேரத்துக்கும் குறைவாக உறங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, 8 மணி நேரமோ அதற்கு மேலோ உறங்கியவர்களைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. படுக்கையில் இருந்தும் இடையிடையே விழித்தவர்களின் நிலை இன்னும் மோசம். மூச்சுத்தடை உள்ளவரின் உறக்கமும் இவ்வாறு துண்டு துண்டானதே.

“காய்ச்சல் விட்டது, அசதி விடவில்லை” என்று பலர் சொல்வதுண்டு. வைரஸ் நோய்க்குப் பின் சில வாரங்கள் சோர்வு இருப்பது இயல்புதான். ஆனால் பகலில் அடக்கமுடியாத தூக்கம், காலைத் தலைவலி, உரத்த குறட்டை, இடையே மூச்சு நிற்பதை வீட்டார் காணுதல் ஆகியவையும் சேர்ந்தால், காய்ச்சலின்மேல் மட்டும் பழிபோட்டுச் சத்து மருந்து தேடிக்கொண்டிருக்கக் கூடாது. கவனிக்காது விட்ட மூச்சுத்தடை இரத்த அழுத்தத்தை உயர்த்தும்; வண்டி ஓட்டுகையில் கண் அயரவும் செய்யும்.

காற்றே முட்டுக்கொடுக்கிறது

1981-இல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவனும் அவர் குழுவினரும் எளிய வழியொன்றை வெளியிட்டனர். காற்றை மென்மையாக அழுத்தி மூக்கின் வழியே தொடர்ந்து செலுத்தினால், தொண்டைச் சுவர் நசுங்காது. இதற்குத் தேவைப்படுவது பெரும்பாலும் 10 செ.மீ. நீர்மட்ட அளவு, அதாவது வளிமண்டல அழுத்தத்தில் நூறில் ஒரு பங்குதான்! இன்றும் இதுவே முதன்மையான சிகிச்சை.

மூச்சுத்தடை உள்ளவர்கள் சளிக் காலத்தில் ஒருக்களித்து, தலைப்புறத்தைச் சற்று உயர்த்திப் படுப்பது நல்லது. மதுவும் தூக்க மாத்திரையும் தசைகளை மேலும் தளர்த்தும். உறக்கம் தரும் சளி மருந்துகளை மருத்துவரைக் கேட்காமல் உண்ணலாகாது. அடைப்பை நீக்கும் மூக்குச் சொட்டு மருந்தைச் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் அடைப்பு முன்னிலும் மிகும். காற்றழுத்தக் கருவி உள்ளவர்கள் முகமூடியைத் தினமும் கழுவ வேண்டும். மூக்கடைப்பால் கருவியைப் பொருத்த இயலாவிட்டால், தாமே நிறுத்திவிடாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். விழித்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உறங்குபவர் தம் மூச்சு நிற்பதைத் தாமே அறிய மாட்டார். பக்கத்தில் படுத்திருப்பவர்தான் அறிவார். உங்கள் வீட்டில் யாருடைய குறட்டையாவது திடீரென நின்று, சற்று நேரத்துக்குப் பின் செருமலுடன் தொடங்கினால், அதைக் கேலிப் பொருளாக்காதீர்கள். எத்தனை விநாடி நின்றது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வையுங்கள். மருத்துவருக்கு அந்தக் குறிப்பு மிகவும் பயன்படும்.