பொழுது சாயுமுன் கூலி

கர்த்தருடைய கட்டளைகளுக்குக் கீழ்ப்படிதலைக் குறித்துப் பிரசங்கிக்கையில், நாம் பெரும்பாலும் பத்துக் கற்பனைகளோடு நின்றுவிடுகிறோம். பரிசுத்தராயிருக்கும்படியான அழைப்போடு தொடங்கும் லேவியராகமம் 19ஆம் அதிகாரமோ, கூலிக்காரனின் கூலியை விடியுமட்டும் நம்மிடத்தில் வைத்திருக்கலாகாது என விதிக்கிறது (வச. 13). அயலானை நேசிக்கும் கட்டளைக்கு ஐந்து வசனங்கள் முந்தியே அது வந்துவிடுகிறது!

உபாகமம் 24:14, 15 இக்கட்டளையைப் பரதேசிக்கும் உரியதாக்கி, பொழுது சாயுமுன்னே கொடுக்கச் சொல்கிறது. அதன் எபிரெய வாசகம் கவனிக்கத்தக்கது. ஏழை அக்கூலியை நோக்கித் தன் 'நெபேஷை', அதாவது ஆத்துமாவை, உயர்த்துகிறான் என்பதே நேர்ப்பொருள். 25ஆம் சங்கீதம் தொடங்குவதும் இதே வினையோடும் பெயரோடுமே. அங்கு ஆத்துமா உயர்வது கர்த்தரை நோக்கி. அன்றாட அப்பத்திற்குக் காத்திருப்பவனின் ஏக்கத்தை வேதம் ஜெபத்தின் சொல்லாலேயே குறிக்கிறது. ஆகவே தாமதம் வெறும் கணக்குப் பிழையன்று. அதைப் பாவமென்றே அவ்வசனம் கூறுகிறது. யாக்கோபின் நிருபத்திலோ (5:4) பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், குருமனைச் சுவரைப் பூசி முடித்த கொத்தனாரிடம், "பொருளாளர் ஊரில் இல்லை, ஞாயிறு ஆராதனைக்குப் பின் வாரும்" என்றேன். அன்று வியாழக்கிழமை. அவர் மறுபேச்சின்றிக் கரண்டியைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டு போனார். இரவு பிரசங்கம் எழுத அமர்ந்தேன். பாடப்பகுதி மத்தேயு 20. சாயங்காலத்தில் எஜமான் கூலி கொடுக்கச் சொல்லும் எட்டாம் வசனத்தைத் தாண்டி என் பேனா நகரவில்லை. என் சொந்தப் பணம் பெட்டியில் இருந்தது. அவர் வீடு எந்தத் தெருவில் என்பதைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை.