சியோனொபுஜி மிட்சுகு
சியோனொபுஜி மிட்சுகு (ஜூன் 1, 1955 – ஜூலை 31, 2016) ஜப்பானின் புகழ்பெற்ற சுமோ மற்போர் வீரர்களுள் ஒருவர். ஹொக்கைடோவில் மீனவர் ஒருவரின் மகனாகப் பிறந்த இவர் 1970 இல் களமிறங்கினார்.

சுமோவில் எடைப் பிரிவுகள் இல்லை. ஏறத்தாழ 120 கிலோ எடையே கொண்டிருந்த இவர், தம்மைவிட மிகப் பருத்தவர்களுடன் மோத வேண்டியிருந்தது. தோள்மூட்டும் அடிக்கடி நழுவியது. ஆகவே கடும் பயிற்சியால் தோள் தசைகளை வலுப்படுத்தி, எதிராளியைச் சுழற்றி வீசுவதைக் குறைத்து, அவரது இடைக்கச்சையை முன்புறம் பற்றி விரைந்து தள்ளும் முறைக்கு மாறினார். இம்மாற்றமே இவரது வெற்றிகளுக்கு அடிப்படை எனலாம்.

1981 இல் சுமோவின் மிக உயர்ந்த நிலையான யொகொசுனாவை எட்டினார். 1988 இல் தொடர்ச்சியாக 53 முறை வென்றார். 1989 இல் கைக்குழந்தையான மகளை இழந்த பின் நடந்த ஜூலைத் தொடரிலேயே வாகை சூடினார். மொத்தம் 31 தொடர்களையும் 1045 ஆட்டங்களையும் வென்ற இவர், 1991 மே மாதத் தொடரில் 18 வயது தகஹனாடாவிடம் தோற்ற சில நாட்களில் ஓய்வு பெற்றார்.