பின் சீட்டின் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தம்பியும் அவன் மனைவியும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கல்யாணமாகி ஐந்து மாதம். டீயைக் கையில் கொடுப்பதற்குள் தம்பி போனை என் முன்னால் நீட்டினான். சென்னையிலிருந்து கடலோரமாகவே தனுஷ்கோடி வரைக்கும் ஒரு நீலக்கோடு இறங்கியது. ஏறக்குறைய 600 கிலோமீட்டர்.

"சனிக்கிழமை விடியக்காலம் கிளம்பினா ராத்திரிக்குள்ள ராமேஸ்வரம்க்கா. மறுநாள் தனுஷ்கோடி பாத்துட்டு மதுரை வழியா திரும்பிரலாம். பத்து மணி நேரம் புல்லட் ஓட்டுறது எனக்கு ஒண்ணும் பெரிசில்ல."

"நீ என்னம்மா சொல்ற?" என்று அவளைக் கேட்டேன்.

"அவரு பாத்துப்பாரு மதினி. நான் பின்னாடி உக்காந்து வரப்போறேன், அவ்வளவுதானே."

பதினான்கு வருடத்துக்கு முன்னால் இதே சாலைக்குக் கிளம்பும்போது நானும் இதைத்தான் சொன்னேன். அன்றைக்குத் தொண்டியில் சாலையோரப் புளியமரத்தடியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வாந்தியெடுத்தேன். வழியில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்ற பயத்தில் நாகப்பட்டினம் தாண்டியதிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் பேசாமல் வருவதைப் பார்த்து, கடலை ரசித்துக்கொண்டு வருகிறேன் என்று என் வீட்டுக்காரர் நினைத்திருக்கிறார். "ஏன் சொல்லல?" என்று அவர் பதறியதும், "நீங்க ஏன் கேக்கல?" என்று நான் அழுததும் இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ முறை அவர் பின்னால் உட்கார்ந்து போய்விட்டேன். அந்த அனுபவத்தில் தம்பிக்கும் அவன் மனைவிக்கும் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். ஜோடியாகப் போகும் பயணத்தில் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் என்பதைப் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் உடம்புதான் முடிவுசெய்ய வேண்டும்.

ஏன் என்று முதலில் பார்த்துவிடலாம். ஓட்டுகிறவர் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே உட்கார்கிறார். பின்னால் இருப்பவரோ கிட்டத்தட்டப் பின்சக்கரத்தின் அச்சுக்கு மேலேயே உட்கார்கிறார். தரையில் கிடக்கும் ஒரு நீளப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை தூக்கினால் நடுவில் இருப்பவர் பாதிதான் எழும்புவார், முனையில் இருப்பவர் முழுசாக எழும்புவார். பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது நடப்பதும் இதேதான். போதாததற்கு, ஓட்டுகிறவருக்குப் பள்ளம் முன்கூட்டியே தெரிகிறது. ஹேண்டில்பாரைப் பிடித்து, காலை ஊன்றி, உடம்பைத் தயார்செய்துகொள்கிறார். பின்னால் இருப்பவருக்குத் தெரிவதெல்லாம் ஒரு ஹெல்மெட்டின் முதுகுதான். ஒவ்வொரு அடியும் சொல்லாமல் வருகிறது. அதுவும் நேராக முதுகெலும்பில் இறங்குகிறது. முன்னால் 300 கிலோமீட்டர் லேசாகத் தெரியும் அதே நாளில் பின்னால் 200-லேயே இடுப்பு கெஞ்சும். இதற்கும் மனவலிமைக்கும் சம்பந்தமில்லை, உட்காரும் இடம் அப்படி.

அதனால் வண்டியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். இருவரும் சேர்ந்து 125 கிலோ, பைகள் ஒரு 15 கிலோ என்றால் 140 கிலோ ஏறுகிறது. தம்பி தனியாக ஆபீஸ் போகும்போது இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அதில் பெரும்பகுதி பின்சக்கரத்தின் மேல். டயருக்கு எவ்வளவு காற்று என்பதை வண்டியின் கையேட்டில் தனி ஆளுக்கு ஒன்று, இரண்டு பேருக்கு ஒன்று என்று இரண்டு எண்ணாகக் கொடுத்திருப்பார்கள். இரண்டாவது எண்ணைப் பார்த்து, ஓடிச் சூடாவதற்கு முன்னால், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றடிக்க வேண்டும். பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை இறுக்குவதற்குப் படிப்படியாக வெட்டிய ஒரு வளையம் பெரும்பாலான வண்டிகளில் உண்டு. அதை ஒன்றிரண்டு படி ஏற்றி வைத்தால் வண்டி பின்னால் குந்தாது. குந்தினால் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். எதிரே வருகிறவருக்குக் கண் கூசும், நமக்குச் சாலை தெரியாது. செயினின் தொய்வையும் ஒருமுறை ஆள் உட்கார்ந்த நிலையில் பார்த்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் பின்பக்கம் அமுங்கும்போது செயின் இறுகும்.

"பிரேக் புதுசு அக்கா" என்றான் தம்பி. புதுசாக இருந்தாலும் கணக்கு மாறாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 17 மீட்டர் ஓடுகிறோம், 80-ல் 22 மீட்டர். மாடு குறுக்கே வந்ததைக் கண் பார்த்து, கை பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போய்விடும். அதற்குப் பிறகு பிரேக் கரைக்க வேண்டிய ஆற்றல் 60-ல் இருப்பதைவிட 80-ல் ஒன்றே முக்கால் மடங்கு. வேகம் இருமடங்கானால் அது நான்கு மடங்கு. கூடவே இன்னொருவரின் எடையும் முன்னால் சரிந்து வந்து முதுகில் அழுத்தும். ஆகவே தனியாக ஓட்டும்போது விடும் இடைவெளியைப்போல இரண்டு மடங்கு விட வேண்டும். முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் சேர்த்து, மெதுவாக ஆரம்பித்துப் போகப்போக அழுத்த வேண்டும். நாம் சரியாக ஓட்டுகிறோமா என்று தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி இருக்கிறது. பின்னால் இருப்பவரின் ஹெல்மெட் நம் ஹெல்மெட்டில் எத்தனை முறை முட்டுகிறது என்று எண்ணிப்பார்த்தால் போதும். கியர் மாற்றும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் டக் டக்கென்று முட்டினால் ஓட்டுவதில் அவசரம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் ஓட்டுவதைத் திருத்திக்கொண்டார்.

இனி பின்னால் உட்காருகிறவருக்கு. இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார வேண்டும். ஒரு பக்கமாக உட்கார்வது பக்கத்துத் தெருவுக்கே ஆபத்து. நெடுஞ்சாலையில் அப்படி உட்கார்ந்தால் வண்டியின் சமநிலையே கோணும், ஒரு பள்ளத்தில் இறங்கினால் பிடிக்க ஒன்றும் இருக்காது. பின்னால் ஆள் ஏற்றும் வண்டிக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு மூன்றும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. அந்தத் தடுப்பைத்தான் நாம் சேலை கார்டு என்கிறோம். அழகுக்காக அதைக் கழற்றி வைத்திருந்தால் பயணத்துக்கு முன்னால் திரும்ப மாட்டிவிடுங்கள். அது இருந்தாலும் துப்பட்டாவையும் நீளமான சுடிதாரையும் வீட்டில் விட்டுவிட்டு, தடித்த பேண்ட், முழுக்கை ஜாக்கெட், கணுக்கால் மூடும் ஷூ, கையுறை என்று போவதுதான் சரி.

ஹெல்மெட் விஷயத்தில் வீட்டுக்கு வீடு ஒரு அநியாயம் நடக்கிறது. ஓட்டுகிறவருக்கு முகம் மூடும் நல்ல ஹெல்மெட், பின்னால் இருப்பவருக்குப் போலீஸுக்குக் காட்ட ஒரு அரை மண்டை ஹெல்மெட். கீழே விழுந்தால் இரண்டு தலையும் ஒரே சாலையில்தான் மோதும். சட்டமும் இருவருக்கும் ஒன்றுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு, 4 வயதுக்கு மேற்பட்ட யார் வண்டியில் இருந்தாலும் ஹெல்மெட் வேண்டும் என்கிறது. 2021 ஜூன் முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது. அவளுடைய தலைக்கு அளவெடுத்து, நாடியில் பட்டை இறுகும்படி, அவளே போட்டுப் பார்த்து வாங்கிக் கொடு என்று தம்பியிடம் சொன்னேன்.

வளைவுகள் பற்றி அவள் கேட்டாள்: "வண்டி சாயும்போது எனக்குப் பயமா இருக்கு மதினி, நான் அந்தப் பக்கமா நிமிந்துக்குவேன்." எல்லோரும் செய்வது அதுதான். வண்டி வளைவில் திரும்புவதே சாய்வதால்தான். பின்னால் இருப்பவர் எதிர்ப்பக்கம் நிமிர்ந்தால் ஓட்டுகிறவர் இன்னும் அதிகமாகச் சாய்க்க வேண்டியிருக்கும். இடதுபக்க வளைவு என்றால் அவருடைய இடது தோளுக்கு மேலாகச் சாலையைப் பாருங்கள், வலதுபக்கம் என்றால் வலது தோளுக்கு மேலாக. பார்வை போகிற பக்கம் உடம்பு தானாகவே வேண்டிய அளவுக்குச் சாயும். வேறு எதுவும் செய்யத் தேவையில்லை. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஓட்டுகிறவர் இரண்டு காலையும் ஊன்றி "ம்" என்று சொன்ன பிறகுதான் அசைய வேண்டும்.

காற்றுச் சத்தத்தில் பேச்சு கேட்காது. புளூடூத் இன்டர்காம் வாங்க முடிந்தால் நல்லது, இல்லாவிட்டால் தொடையில் தட்டுவதே போதும். எங்களுடைய வழக்கத்தில் ஒரு தட்டு என்றால் வேகத்தைக் குறை. இரண்டு தட்டு என்றால் அடுத்த நல்ல இடத்தில் நிறுத்து. தொடர்ந்து தட்டினால் உடனே ஓரம் கட்டு. இதில் ஒரு விதி முக்கியம்: தட்டியதற்குக் காரணம் கேட்கக் கூடாது. நிறுத்திய பிறகு கேட்டுக்கொள்ளலாம். காரணம் சொல்ல வேண்டியிருந்தால் பாதிப் பேர் தட்டவே மாட்டார்கள், நான் தொண்டி வரைக்கும் பொறுத்துக்கொண்டதைப்போலப் பொறுத்துக்கொள்வார்கள்.

மணிக்கு ஒரு தடவை நிறுத்துங்கள். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள். நிறுத்தும் இடத்தைக் கழிப்பறையை வைத்து முடிவுசெய்யுங்கள். குடும்பங்கள் வந்துபோகும் பெரிய ஹோட்டல்களும் பராமரிப்புள்ள பெட்ரோல் பங்குகளும் எங்கே இருக்கின்றன என்று கிளம்புவதற்கு முன்னாலேயே வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். இது தெரிந்தால்தான் அவள் தயங்காமல் தண்ணீர் குடிப்பாள். வெயிலில் ஓடும்போது காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால் உடம்பு எவ்வளவு நீரை இழக்கிறது என்றே தெரியாது. தலைவலி வந்த பிறகுதான் புரியும். மாதவிடாய் நாள் குறுக்கிட்டால் பயணத் தேதியைத் தள்ளுவதா, தூரத்தைக் குறைப்பதா என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். கணவனிடம் பேசக் கூச்சப்படும் விஷயமாக அதை வைத்துக்கொண்டு 600 கிலோமீட்டர் போக முடியாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பின்னால் இருப்பவருக்குத் தூக்கம் சொக்கும், பிடி தளரும். பதினொன்றரைக்கு நிறுத்தி, மூன்றரை வரைக்கும் நிழலில் இருந்துவிட்டுக் கிளம்புவது எங்கள் வழக்கம்.

இந்தச் சாலையிலேயே மறக்க முடியாத இடம் பாம்பன். 1988-ல் திறந்த அந்தச் சாலைப்பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். நடுவில் உயர்ந்து போகும், இரண்டு பக்கமும் கடல், காற்றைத் தடுக்க எதுவுமே கிடையாது. இரண்டு பேரும் பைகளும் ஏறிய வண்டி பக்கவாட்டுக் காற்றுக்கு ஒரு பாய்மரம் மாதிரி. எதிரே ஒரு பேருந்து வந்தால் அது கடக்கும் நொடியில் காற்று சட்டென்று நிற்கும், கடந்ததும் அடித்துத் தள்ளும். நாங்கள் போன ஒரு ஆடி மாதத்தில் முதல் தள்ளலில் வண்டி ஒரு முழம் நகர்ந்தது. அவருடைய தோள் இறுகுவது என் கைக்குத் தெரிந்தது. நான் முட்டியை வண்டியோடு ஒட்டி, உடம்பைக் குறுக்கி, நெஞ்சை அவர் முதுகோடு சேர்த்துக்கொண்டேன். எங்கள் இருவர் மேலும் காற்று அடிக்கும் பரப்பு குறைந்தது. மெல்ல மெல்ல அவர் பிடி தளர்ந்தது, வண்டி நேரானது. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் காற்றின் ஆட்டம் கை வழியாகச் சக்கரத்துக்குப் போகும். லேசாகப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, கவனமாகக் கடக்க வேண்டும். போட்டோவுக்காகப் பாலத்தின் மேல் நிறுத்த வேண்டாம்.

எங்கள் முதல் பயணத்தில் தனுஷ்கோடியின் முனைக்கு வண்டியில் போக முடியவில்லை, சாலையே கிடையாது. 1964 டிசம்பர் புயல் அந்த ஊரை அழித்த பிறகு மணலில் வேன்களும் ஜீப்புகளும்தான் போய்வந்தன. அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை திறந்தது 2017-ல். காலையில் போங்கள், மாலையில் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். சாலையில் மணல் பரவியிருக்கும் இடங்களில் பிரேக்கைத் தொடாமல் நேராகப் போக வேண்டும். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவி செயினுக்கு எண்ணெய் விடுங்கள், உப்புக்காற்று இரும்பைத் தின்னும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தை விட்டுவிட்டு ஜனவரி, பிப்ரவரியில் போனால் வெயிலும் காற்றும் தாங்கும்.

கடைசியாக ஒன்று அவளிடம் சொன்னேன். நீயும் ஓட்டக் கற்றுக்கொள். நான் ஐந்து வருடத்துக்குப் பிறகு கற்றுக்கொண்டேன். ஆளில்லாத சாலையில் நான் ஓட்ட அவர் பின்னால் உட்கார்ந்த முதல் இருபது நிமிடத்தில், பின் சீட்டைப் பற்றி நான் அதுவரை சொன்னதெல்லாம் அவருக்குப் புரிந்தது. 2003-ல் இங்கிலாந்திலிருந்து உலகம் சுற்றக் கிளம்பிய சைமன், லிசா தாமஸ் தம்பதி ஆளுக்கொரு வண்டியில்தான் போனார்கள். ஒரே வண்டியின் நெருக்கம் ஒரு சுகம், பக்கத்தில் இணையாக ஓட்டிப்போவது இன்னொரு சுகம். இரண்டும் தெரிந்திருந்தால் எது வேண்டும் என்று இருவரும் சேர்ந்து முடிவுசெய்யலாம்.

இரண்டாவது டீயும் முடிந்திருந்தது. அவள் போனை வாங்கி அந்த நீலக்கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பாண்டிச்சேரியில் விரலை வைத்தாள். நூற்றைம்பது கிலோமீட்டர்.

"முதல் நாள் இதோட நிறுத்திக்கலாம். இறங்கினதுக்கு அப்புறம் என் முதுகு எப்படி இருக்குன்னு பாத்துட்டு, மறுநாள் தரங்கம்பாடியா வேளாங்கண்ணியான்னு நான் சொல்றேன்."

தம்பி ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு ஆபீஸில் எத்தனை நாள் லீவு மிச்சமிருக்கிறது என்று போனில் பார்க்க ஆரம்பித்தான்.